மிதிக்கு ஒரு சொல்

தை மாதத்துப் பனி விலகுவதற்குள் தெரு நெடுகப் பாவு இழைகளை நீளவாட்டில் நீட்டி முடித்துவிட வேண்டும். வெயில் உறைத்துவிட்டால் பட்டிழை காய்ந்து அறுபடத் தொடங்கும். ஆகையால் அந்த மாதத்தில் ஆரணியின் நெசவுத் தெருக்கள் விடியற்காலையிலேயே பேச்சும் நடமாட்டமுமாக இருக்கும். அரிசி ஆலைகளில் நெல் அவியும் மணம் பனியோடு கலந்து தெருவுக்குள் இறங்கும். பின்னர் ஒவ்வொரு வீடாகத் தறிச் சத்தம் எழும். எந்த வீட்டில் எத்தனை தறி ஓடுகிறது என்பதைத் தெருவில் நடந்து போகிறவர்கள் காதாலேயே சொல்லிவிடுவார்கள்.

அருணகிரியின் வீட்டில் இரண்டு தறிகள் இருந்தன. ஓடியது ஒன்றுதான்.

மற்றொன்று கூடத்தின் கிழக்கு ஓரத்தில், கூரையில் பதித்திருந்த கண்ணாடி ஓட்டுக்கு நேர் கீழே கிடந்தது. அரக்கு நிறப் பட்டுப்புடவை ஒன்று பாதிக்கு மேல் நெய்யப்பட்ட நிலையில் அதில் நின்றிருந்தது. அதை நெய்தவன் அவ்வீட்டின் மூத்த மகன் தனகோடி. அவன் இறந்து மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. செத்தவன் கை பட்டு நின்ற பாவைத் திருப்பிக் கேட்பதில்லை என்று பாவு கொடுத்த முதலாளி பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டார். தெருவில் அபிதம் என்று அழைக்கப்பட்ட தனகோடியின் தாய் அபிதகுசாம்பாள், அப்புடவையின் மேல் பழைய வேட்டி ஒன்றைப் போர்த்தி வைத்தாள். வாரம் ஒரு முறை வேட்டியை எடுத்து உதறித் தூசு தட்டுவாள். கால்மிதிகள் உள்ள தறிக்குழிக்குள் எவரையும் இறங்க விடமாட்டாள்.

தனகோடி பள்ளி இறுதித் தேர்வில் இரண்டு முறை தவறியவன். மற்றப் பாடங்களில் எல்லாம் தேறினான்; ஆங்கிலம் மட்டும் அவனைக் கைவிட்டது. மூன்றாம் முறை எழுதுவதற்காக ஐப்பசி மாதத்தில் ஆற்றுக்கு அக்கரையிலுள்ள ஒரு பள்ளிக்குப் போனான். போகும்போது பாலத்தின் மேல் போனவன், திரும்பும்போது குறுக்கு வழி என்று கமண்டல நாகநதியின் மணலில் இறங்கினான். ஊரில் ஒரு துளி மழை இல்லை. படவேட்டு மலைப்பக்கம் கொட்டிய மழை ஆற்றில் வந்துகொண்டிருந்ததை அவன் அறியான். மறுநாள், ஆற்றின் கீழ்ப்போக்கில் ஒரு கோரைப் புதரில் அவன் உடல் அகப்பட்டது.

மணலில் வெள்ளம் வந்தது என்றார்கள் சிலர். வெள்ளம் வந்ததைப் பார்த்த பிறகுதான் இறங்கினான் என்றார்கள் வேறு சிலர். பரீட்சையை அன்றும் சரியாக எழுதவில்லையாம் என்று குரலைத் தாழ்த்திச் சொன்னவர்களும் உண்டு. தேர்வு முடிவு வந்தபோது அருணகிரி போய்ப் பார்க்கவில்லை. "தெரிஞ்சி இன்னா ஆவப் போவுது" என்று சொல்லித் தன் தறியில் உட்கார்ந்துவிட்டார்.

அவன் பரீட்சைக்குப் போன அன்று முழுவதும், மகன் வந்த பிறகு உண்ணலாம் என்று காத்திருந்தவள் அபிதம். அவனுக்கு முன்னால் அவள் என்றுமே சாப்பிட்டதில்லை. அந்தப் பழக்கம் அவன் போன பின்னும் அவளை விடவில்லை. பகலில் ஒரு குவளைக் கூழோடு சரி. கணவனும் மகளும் உண்டு எழுந்து, விளக்கேற்றி, தெருவில் ஆள் நடமாட்டம் அடங்கிய பின்புதான் சோற்றில் கை வைப்பாள். அப்போதும் பானையின் அடியில் ஒரு பிடி சோறு மிச்சம் இருக்கும். அது யாருக்கு என்று வீட்டில் ஒருவரும் கேட்டதில்லை.

இளையவள் கற்பகம் அவ்வாண்டு பத்தாம் வகுப்பில் இருந்தாள். பங்குனியில் அரசாங்கப் பரீட்சை. நாளுக்கு ஒரு வகையாக எழுதிப் பழகுங்கள் என்று ஆங்கில ஆசிரியை கூறியிருந்தாள். விடுப்பு விண்ணப்பம், நண்பனுக்குக் கடிதம், தந்தி, உரையாடல், அறிவிப்பு, சுயசரிதை என்று வகைகள் பல இருந்தன. வீட்டில் கண்ணுக்கு நல்ல வெளிச்சம் கிடைக்குமிடம் கண்ணாடி ஓட்டின் கீழ்தான். கற்பகம் அந்தத் தறியின் ஓரத்தில், குழிக்கு வெளியே, சம்மணமிட்டு உட்கார்ந்து எழுதுவாள். எழுதியதை உரக்கப் படிப்பாள். அபிதம் சற்றுத் தள்ளி, கணவனின் தறியில் குறுக்கே ஓடும் நாடாவுக்கு இராட்டையில் ஊடை நூலைத் தாராகச் சுற்றிக்கொண்டிருப்பாள். அவளுக்கு ஆங்கிலத்தின் மீது அச்சமும் பகையும் இருந்தன. இருந்தும் அது மகளின் வாயிலிருந்து வரும்போது எழுந்து போக அவளால் இயலவில்லை.

"இன்னாடி எழுதறே இன்னிக்கி?"

"லீவு லெட்டர்மா. எனக்கு ஜுரம், ரெண்டு நாளு வரமுடியாதுன்னு."

அபிதம் இராட்டையை நிறுத்திவிட்டு வந்து மகளின் நெற்றியில் புறங்கையை வைத்தாள். "ஜுரம் எங்க கீது? நல்லாத்தான கீறே."

"ஐய, பரிட்சைக்கு ஜுரம்மா."

மறுநாள் கடிதம். யாருக்கு என்று கேட்டாள் தாய்.

"அண்ணனுக்கு."

இராட்டை நின்றது. கற்பகம் நிமிர்ந்து பார்த்துவிட்டு அவசரமாகச் சொன்னாள்: "நம்ம அண்ணன் இல்லம்மா. ஆஸ்டல்ல தங்கிப் படிக்கறாப்பல ஒரு அண்ணன். பரிட்சைக்கு ஒரு அண்ணன்."

"அவன் பேரு இன்னா?"

"பேரு கெடையாது. பேரு எழுதக் கூடாது. எழுதறவங்க பேரும் போடக் கூடாது. எக்ஸுன்னு போடணும். சொந்தப் பேரப் போட்டா பேப்பரத் தள்ளிடுவாங்க."

"பேரு இல்லாம வந்தா யாருன்னு தெரிஞ்சிகினு பதில் போடுவான் அவன்?"

"பதிலே வராதும்மா. எழுதறதோட சரி."

அபிதம் தார்க்குச்சியை மாற்றினாள். பெயர் இல்லாதவர்கள் பெயர் இல்லாதவர்களுக்கு எழுதிப் பதில் வராமல் போகிற அந்தக் கடிதங்களைப் பற்றி அன்று நெடுநேரம் நினைத்துக்கொண்டிருந்தாள்.

இன்னொரு நாள் ஒரு குடை தன் கதையைத் தானே கூறியது. கடையில் பிறந்தேன், ஒரு கிழவரிடம் வாழ்ந்தேன், காற்றில் கம்பி முறிந்து இப்போது மூலையில் கிடக்கிறேன் என்று கற்பகம் தமிழில் பொருள் சொன்னாள். அடுத்த வீட்டுச் சாவித்திரி வாசற்படியில் நின்று கேட்டுச் சிரித்தாள்.

"இன்னாக்கா, உன் வூட்ல தொரைசானி பேசற சத்தம் கேக்குதேன்னு வந்தேன். கொடையெல்லாம் பேசுதா?"

"கொடைக்குக் கூட வாயி வந்துடுச்சி, சாவித்திரி. செத்தவங்கதான் ஒண்ணும் சொல்ல மாட்டேங்கறாங்க."

சாவித்திரியின் சிரிப்பு நின்றது. "அந்தத் தறிய இன்னும் இப்பிடியே வெச்சிகினு கீறியேக்கா. பாத்தா பகல்ல கூட பயமா கீது" என்று சொல்லிக்கொண்டே படி இறங்கிப் போனாள்.

அதையேதான் அருணகிரியும் அவ்வாரம் வேறு விதமாகச் சொன்னார். மத்தியானச் சோற்றுக்கு உட்கார்ந்தவர், புளிச்சகீரைக் கடைசலைப் பிசைந்துகொண்டே பேச்சை எடுத்தார்.

"பரிட்ச முடிஞ்ச மறுநாளு புதுப் பாவு ஒண்ணு வருது. அத்த அந்தத் தறியில ஏத்தப் போறேன்."

"யாரு நெய்யறதாம்?"

"கற்பகம் குந்தட்டும். பத்து படிச்சாச்சி, போதும். அண்ணங்கூட குந்தி கரை போட்டுப் பழகின பொண்ணுதான."

கற்பகத்தின் கை தட்டில் நின்றது. மேலே படிக்க அவளுக்கு இடமுண்டு என்று ஆசிரியை சொல்லியிருந்ததை அவள் தாயிடம் மட்டும் சொல்லியிருந்தாள்.

"என் புள்ள தறியில யாரும் குந்தக் கூடாது" என்றாள் அபிதம்.

"யாரும் குந்தக் கூடாதுன்னா அது இன்னா கோயிலா? ஒரு தறியில இழுத்துகினு எத்தினி வருஷம் ஓட்டுவேன்? இல்ல, நீ குந்து. நெய்யத் தெரியாதவளா நீ? கல்யாணமாயி வந்தப்ப என்னவிட ஜல்தியா நெஞ்சவதான?"

அபிதம் அவர் தட்டில் இன்னொரு கரண்டிக் கடைசலை ஊற்றினாள். அக்குழிக்குள் கால் விடுவது அவளுக்கு ஆற்றில் கால் விடுவது போல இருந்தது. அவள் குழியைக் காத்து நிற்கும்வரை மகள் தப்பினாள். ஆனால் கணவரின் பேச்சு இம்முறை நிற்கிற பேச்சாகத் தோன்றவில்லை.

மாசி மாதத்தில் ஒரு பிற்பகல். அருணகிரி ஊடைப் பட்டு வாங்கக் கடைத்தெருவுக்குப் போயிருந்தார். அபிதம் கொல்லைக் கிணற்றில் நீர் இறைத்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்குள் தறிச் சத்தம் கேட்டது.

அது கணவனின் தறி அன்று. அந்தத் தறிக்குக் கனத்த குரல். இது சற்று மெலிந்து, மிதி இறங்கும்போது ஒரு கிறீச்சிடலோடு ஒலிப்பது. மூன்று ஆண்டுகளாக அவள் கேட்டறியாத சத்தம். மிதிக்கு ஒரு சொல்லாக அதனோடு ஆங்கிலமும் வந்தது.

"மை - டியர் - மதர் -"

தனகோடி அப்படித்தான் படிப்பான். புத்தகத்தைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு, ஒரு மிதி மிதித்து ஒரு சொல் சொல்வான். சொல் மறந்தால் தறி நிற்கும். நினைவுக்கு வந்ததும் நாடா ஓடும். தறி நின்ற போதெல்லாம் அபிதம் அடுப்படியிலிருந்து, "மறந்துட்டியாடா?" என்று கேட்பாள்.

தாம்புக்கயிறு அவள் கையிலிருந்து நழுவியது. குடம் கிணற்றுக்குள் விழும் ஓசையைக் கேட்டவாறே உள்ளே ஓடினாள். தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கண்ணாடி ஓட்டிலிருந்து விழுந்த வெளிச்சத்தில் தூசு சுழன்றது. வேட்டி போர்த்தியபடியே இருந்தது. கற்பகம் தறியின் ஓரத்தில் உட்கார்ந்து, கால்களைக் குழிக்குள் தொங்கவிட்டு, மடியில் புத்தகத்தோடு கண்களை மூடி ஒப்பித்துக்கொண்டிருந்தாள். கால் தன் போக்கில் மிதியை அழுத்திக்கொண்டிருந்தது. பாவிழைகளைத் தூக்கும் விழுதுகள் ஏறி இறங்கின.

"கற்பகம்!"

பெண் பதறிக் காலை இழுத்துக்கொண்டாள். "தெரியாம... காலு மரத்துப் போச்சின்னு தொங்க வுட்டேம்மா. படிச்சிகினே இருந்தேன், அதுவா மிதிச்சிடுச்சி. அடிக்காதம்மா."

அபிதம் அடிக்கவில்லை. தூணோடு சரிந்து உட்கார்ந்தாள்.

"அது இன்னா லெட்டரு?"

"அம்மாவுக்கு எழுதறது. பசங்களோட டூர் போறேன், ராத்திரி கடைசி பஸ்ல வருவேன்னு."

"முழுசும் சொல்லு. மிதிச்சிகினே சொல்லு."

கற்பகம் அஞ்சி அஞ்சிக் காலை இறக்கினாள். கடிதம் முழுவதையும் சொன்னாள். வாய்க்குள் அவளோடு கூடவே சொல்லிக்கொண்டு வந்த தாய் முடிவுக்கு அருகில் கையை உயர்த்தினாள்.

"நடுவுல ஒண்ணு வுட்டுட்டே."

"இல்லியே. புக்குல இருக்கறது இவ்ளோதான்."

"பஸ்ஸுன்னு வருதில்ல, அதுக்கு அப்பால. அவன் சொல்லுவான். தெனமும் கேட்டவ நானு." கண்களை மூடிக்கொண்டு, மிதியின் கணக்குக்குத் தலையை அசைத்து, பொருள் அறியாத அச்சொற்களை ஒன்றொன்றாக வெளியே எடுத்து வைத்தாள் அபிதம்: "டூ - நாட் - வெயிட் - பார் - மீ. ஈட் - யுவர் - புட்."

கற்பகம் புத்தகத்தைப் பார்த்தாள். பக்கத்தைத் திருப்பினாள். அந்த வரி அதில் இல்லை. அண்ணன் தானாகச் சேர்த்துக்கொண்டது அது. அவன் இச்சொற்களைக் கூறியபோது வலப்பக்கத்தில் உட்கார்ந்து கரை நாடாவைத் தள்ளிக்கொண்டிருந்தவள் அவள்தான். அப்போது பொருள் புரியும் வயதில்லை.

"இன்னாடி அர்த்தம் அதுக்கு?"

"தெரியலம்மா" என்றாள் கற்பகம். எழுந்து போய்க் கிணற்றுக்குள் விழுந்த குடத்தை எடுக்கப் பாதாளக் கரண்டியைத் தேடத் தொடங்கினாள்.

அதன் பிறகு அபிதத்துக்கு நிம்மதி இல்லை. மகள் பொய் சொன்னாள் என்பது தெரிந்தது. ஏன் சொன்னாள் என்பதுதான் தெரியவில்லை. புத்தகத்தில் இல்லாத வரியை அவன் எதற்குச் சேர்த்தான்? போகிறேன் என்று சொன்னானா? ஆற்றைப் பற்றிச் சொன்னானா? தினமும் தன் காதுபடச் சொல்லிவிட்டுப் போனதைத்தான் கேட்டும் கேளாதவளாக அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாளா? உலையில் அரிசி இடும்போதும், தார் சுற்றும்போதும், கோலம் போடும்போதும் அந்த எட்டுச் சொற்களும் அவளுடைய வாய்க்குள் தாமாகவே ஓடின. இராட்டை அவற்றைச் சொல்லிற்று. தெருவிலே பதினைந்து வீட்டுத் தறிகளும் அவற்றையே சொல்லிச் சொல்லி அடிப்பது போலிருந்தது. பள்ளிக்கூடத்துப் பையன் ஒருவனை நிறுத்திக் கேட்டுவிடலாமா என்று ஒரு நாள் தெருமுனை வரை போனாள். கேட்க அச்சமாக இருந்தது, திரும்பிவிட்டாள்.

கற்பகமும் தாயின் எதிரில் வாய்விட்டுப் படிப்பதை நிறுத்திவிட்டாள். தந்தியும் அறிவிப்பும் உரையாடலும் அவளுடைய உதட்டுக்குள்ளேயே நடந்தன.

ஆங்கிலப் பரீட்சைக்கு முதல் நாள் மாலை. கற்பகம் அடுப்படியில் தாயின் அருகில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தாள். அருணகிரி தறியில் இருந்தார்.

"நாளைக்கி நீ ஆத்துப் பக்கம் எறங்கக் கூடாது" என்றாள் அபிதம்.

"பாலத்து மேலதாம்மா போவேன். ஆத்துல தண்ணியே இல்ல."

"அன்னிக்குங்கூட இல்ல." அவள் அடுப்பில் விறகைத் தள்ளினாள். "கற்பகம், உங்கண்ணன் சாவறேன்னா சொன்னான்?"

உரித்த கடலை பெண்ணின் மடியிலிருந்து சிதறியது. "ஐயோ, இல்லம்மா! அப்பிடியா நெனச்சிகினு இருந்தே இத்தினி நாளும்?"

"பின்ன ஏன் மறைச்சே?"

கற்பகம் சிதறிய கடலையைப் பொறுக்கினாள். தறிச் சத்தம் வருகிற பக்கம் ஒரு முறை பார்த்துக்கொண்டாள். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"சொன்னா நீ தறியக் காக்கறத வுட்டுடுவேன்னு பயம். நீ வுட்டுட்டா நைனா என்னக் குந்த வெச்சிடுவாரு. அதான் சொல்லல."

"சொல்லு."

"எனக்காகக் காத்துகினு இருக்காத. நீ சோறு சாப்புடு. அவ்ளோதாம்மா. கடைசி பஸ்ல வருவேன், காத்துகினு இருக்காத, நீ சாப்புடுன்னு."

அடுப்பில் விறகு எரிந்து வெளியே நீண்டது. அதை உள்ளே தள்ள அபிதத்துக்குக் கை வரவில்லை. 'எனக்கு முன்னாடி துன்னுட்டா ஒண்ணும் பாவம் வராதும்மா' என்று அவன் தமிழில் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறான்; அவள் காதில் போட்டுக்கொண்டதில்லை. தமிழில் சொல்லிக் கேளாதவளுக்கு ஆங்கிலத்தில் சொல்லி வைத்துவிட்டுப் போயிருக்கிறான். அவளும் பொருள் அறியாமல் மூன்று ஆண்டுகள் அதைச் சுமந்துகொண்டு, அதற்கு மாறாகவே நடந்து வந்திருக்கிறாள்.

தாய் அழுவாள் என்று கற்பகம் எதிர்பார்த்தாள். அவளோ, "வெறகத் தள்ளு" என்று மட்டும் சொன்னாள். அன்றும் விளக்கேற்றி வெகு நேரம் கழித்துத்தான் உண்டாள். பானையில் ஒரு பிடி மிச்சம் இருந்தது.

மறுநாள் கற்பகம் பாலத்தின் வழியே பரீட்சைக்குப் போனாள். அவள் தெருமுனையில் மறையும் வரை வாசலில் நின்றிருந்த அபிதம், உள்ளே வந்து தலைக்கு நீர் ஊற்றிக்கொண்டாள். ஈரக் கூந்தலை முடிந்துகொண்டு கிழக்குத் தறியின் மேலிருந்த வேட்டியை எடுத்தாள். இம்முறை உதறிப் போர்த்தவில்லை. மடித்துப் பெட்டியில் வைத்தாள். விழுதுகளில் படிந்திருந்த நூலாம்படையைத் தென்னை ஈர்க்குச்சியால் எடுத்தாள். அறுந்திருந்த இழைகளை ஒவ்வொன்றாகத் தேடி முடிந்தாள். பிறகு குழியின் விளிம்பில் உட்கார்ந்து, கண்களை மூடிக்கொண்டு, காலை உள்ளே இறக்கினாள். குழி மண் ஆற்று மணலைப் போலக் குளிர்ந்திருந்தது.

"மை" என்றாள். மிதி கிறீச்சிட்டு இறங்கியது. "டியர்."

தம் தறியை நிறுத்திவிட்டு அருணகிரி திரும்பிப் பார்த்தார். எழுந்து வந்தார். தனியாளாகக் கரை கோக்க முடியாத புடவை அது. மகன் நெய்தபோது கற்பகம் உட்கார்ந்த வலப்பக்கத்துச் சிறு பலகையைத் துடைத்து, பெரிய உடம்பை அதில் ஒடுக்கி உட்கார்ந்து, கரை நாடாவைக் கையில் எடுத்தார்.

"அப்ப புதுப் பாவ இதுல ஏத்தினா?"

"நாந்தான் நெய்வேன். அவ பள்ளிக்கூடம் போவட்டும்." நாடா ஓடியது. "நாடாவப் போடுங்க. சொல்லு போய்கினே கீது."

அவர் போட்டார். ஓரிடத்தில் இழை இறுகியது. ஓரிடத்தில் இரண்டு இழைகள் அறுந்தன. அவள் அவற்றை முடிந்துவிட்டு மேலே நெய்தாள். மகனின் நெய்தலும் தாயின் நெய்தலும் சேர்கிற இடத்தில் மெல்லிய கோடு ஒன்று விழுந்தது. துணியைச் சுற்றும் படமரத்துக்குள் அது மெதுவாகப் போய் மறைந்தது. கடிதம் முடிந்ததும் மறுபடியும் தொடக்கத்திலிருந்து சொன்னாள். பொழுது உச்சிக்கு வந்தது. அந்த வரிக்கு வந்ததும் அவள் கால் நின்றது.

"இன்னா, மறந்துட்டியா?" என்றார் அருணகிரி.

"இல்ல. பசிக்குது."

கற்பகம் பிற்பகல் வெயிலில் திரும்பி வந்தாள். தெருவில் நுழைந்ததுமே நடையை எட்டிப் போட்டாள். தன் வீட்டிலிருந்து அந்த மெலிந்த தறி ஒலித்துக்கொண்டிருந்தது. சாவித்திரியும் இன்னும் இருவரும் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். கற்பகம் அவர்களை விலக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

தாய் தறியில் இருந்தாள். தந்தை சிறு பலகையில் இருந்தார். அடுப்படியில் சோற்றுப் பானை கழுவிக் கவிழ்க்கப்பட்டிருந்தது. மகளுக்கு உரியது மட்டும் தட்டில் மூடி வைக்கப்பட்டிருந்தது.

"சாப்டியாம்மா?"

"அப்பவே ஆச்சி." நாடாவிலிருந்து கண்ணை எடுக்காமலே அபிதம் கேட்டாள்: "இன்னா எழுதச் சொன்னாங்க?"

"ரெண்டு குடுத்தாங்க. ஒண்ணு டூர் போற லெட்டரு. அத்ததான் எழுதினேன். அம்மாவுக்கு."

"அந்த வரியப் போட்டியா?"

"போட்டேன்."

"பேரு?"

"பேரு போடக் கூடாதே. எக்ஸுன்னுதாம்மா போட்டேன்."

"போவுது வுடு" என்றாள் அபிதகுசாம்பாள். "யாருன்னு எனக்குத் தெரியும்."

மிதி இறங்கியது.